ஈரோடு – ஹரித்வார் வேன் பயணம்: வண்டிக்கு மூன்று ஸ்டார், ஆபீஸுக்கு ஒன்று, டிரைவருக்கு ஐந்து

முழுசும் படிக்கப் பொறுமை இல்லாதவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வயசானவர்களைக் கூட்டிக்கொண்டு இங்கிருந்து ஹரித்வார் வரை ரோட்டில் போகலாமா என்றால் போகலாம், ஏழு நாள் கையில் இருந்தால். நாலே நாளில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுகிறோம் என்று யாராவது சொன்னால் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். நாங்கள் கொடுத்தோம்.

போன புரட்டாசியில் சார்தாம் (யமுனோத்ரி, கங்கோத்ரி, கேதார்நாத், பத்ரிநாத்) யாத்திரைக் குழு ஒன்றில் பெயர் கொடுத்திருந்தோம். நாற்பது பேருக்கு மேல். எல்லோரும் ஹரித்வாரில் ஒரு தர்மசாலையில் கூடி, அங்கிருந்து பஸ்ஸில் மலை ஏறுவது ஏற்பாடு. சமையல்காரர் நம்ம ஊர்க்காரர், அரிசி பருப்பு முதற்கொண்டு அவர்களே கொண்டுவருகிறார்கள், யாத்திரைப் பதிவையும் ஆதார் நகல் வாங்கிக்கொண்டு அவர்களே செய்துவிட்டார்கள். ஹரித்வார் வரை வருவது மட்டும் அவரவர் பாடு. மற்றவர்கள் ரயிலில் டிக்கெட் போட்டார்கள், சிலர் டேராடூன் வரை விமானம். நாங்கள் எட்டுப் பேர்: நான், வீட்டுக்காரர், அம்மா (73), மாமியார் (70), சித்தப்பா, சித்தி, நாத்தனார், அவர் கணவர். வேன் என்று முடிவானதற்கு அம்மாதான் காரணம். இரண்டு ராத்திரி ரயில் கழிப்பறையை நினைத்தாலே அவருக்குக் காய்ச்சல் வந்துவிடும். அதோடு வழியில் வருகிற ஆறுகளையெல்லாம் பார்க்க வேண்டும், ஒவ்வொன்றிலும் ஒரு ரூபாய்க் காசு போட வேண்டும் என்று மஞ்சள் துணியில் முடிச்சுப் போட்டு வைத்திருந்தார்.

டிராவல்ஸ் பெயரைப் போடவில்லை. அவர்களோடு இன்னும் ஒரு கணக்கு பாக்கி இருக்கிறது, அதைக் கடைசியில் சொல்கிறேன். பேசியது பன்னிரண்டு சீட் டெம்போ டிராவலர், கிலோமீட்டருக்கு 24 ரூபாய், டோல் தனி, பேட்டா தனி, இரண்டு டிரைவர்கள். "ராத்திரியும் மாத்தி மாத்தி ஓட்டுவாங்கம்மா, நாலாவது நாள் சாயந்திரம் கங்கா ஆரத்தி பாத்துருவீங்க" என்றார் ஆபீஸில் இருந்தவர். கூடவே, வேண்டுமானால் வண்டியை மலைக்கும் அனுப்புகிறோம் என்றார். உத்தராகண்டில் சார்தாம் வழியில் வாடகை வண்டி ஏற வேண்டுமென்றால் அங்கே போக்குவரத்துத் துறையில் கிரீன் கார்டு வாங்க வேண்டும், பயணத்துக்கு டிரிப் கார்டு வேண்டும். அதைப் பற்றிக் கேட்டால், அதெல்லாம் பாத்துக்கலாம் என்றார். இந்த "பாத்துக்கலாம்" என்ற சொல் வரும் இடத்திலெல்லாம் நான் எழுதி வாங்கியிருக்க வேண்டும். நல்ல வேளை, மலைக்குக் குழுவின் பஸ் இருந்தது.

வாட்ஸ்ஆப்பில் வந்த படத்தில் இருந்த வண்டி வேறு, விடியற்காலை நாலு மணிக்கு வாசலில் வந்து நின்ற வண்டி வேறு. வந்தது மோசமான வண்டி என்று சொல்ல மாட்டேன். இன்ஜின் நன்றாக இருந்தது, ஏழு நாளும் ஒரு இடத்தில்கூட சூடாகி நிற்கவில்லை. இடவசதி தாராளம், பின்னால் நாலு சீட் காலி, அதில் பை வைத்தோம், மத்தியானம் யாராவது கால் நீட்டினார்கள். ஆனால் பின்பக்கத்து ஏசி வெறும் காற்றுதான் ஊதியது. இரண்டு புஷ்பேக் சீட் பின்னால் சாய்ந்தால் சாய்ந்ததுதான், நிமிராது. கூரை முழுக்கச் சிவப்பு, நீலம், பச்சை என்று லைட் ஓடும், கல்யாண மண்டபம் தோற்றுவிடும். மாத்திரை அட்டையைப் படிக்க ஒரு சின்ன லைட் வேண்டுமென்றால் அது எரியாது. எல்லாவற்றையும்விடப் பெரிய குறை, பின்சீட்டு ஜன்னல்கள் திறக்காது. ஏசி வண்டி என்பதால் கண்ணாடியை நிரந்தரமாக ஒட்டிவிட்டார்கள். அம்மாவின் காசு முடிச்சு மடியில் இருக்கிறது, பவானி தாண்டிக் காவிரிப் பாலம் வந்துவிட்டது, ஜன்னல் திறக்க வழியில்லை. முன்சீட்டில் இருந்த சித்தப்பா கையில் காசைக் கொடுத்து, அவர் போடுவதற்குள் பாலம் முடிந்து குமாரபாளையம் வந்துவிட்டது. காசு வாழைத்தோப்பில் விழுந்திருக்கும். "நம்ம காவேரிதானே, வந்து போட்டுக்கலாம் ஆத்தா" என்று டிரைவர் சமாதானம் சொன்னார்.

டிரைவர் ஒருவர்தான் வந்தார். இரண்டாவது ஆள் எங்கே என்றால், ஓசூரில் ஏறுவார் என்றது ஆபீஸ். ஓசூரில் கேட்டால் பெங்களூரு. பெங்களூரு தாண்டியதும் போனை எடுக்கவில்லை. வண்டியை ஓரமாக நிறுத்தி டிரைவர் எங்களிடம் திரும்பிச் சொன்னார்: "அக்கா, ரெண்டாவது ஆளெல்லாம் வர மாட்டாங்க. நான் ஒருத்தனா ராத்திரி ஓட்ட மாட்டேன். ஏழு மணிக்கு மேல வண்டி நிக்கும், காலைல அஞ்சுக்கு எடுப்பேன். உங்களுக்குச் சரின்னா போலாம், இல்லைன்னா இங்கிருந்தே திரும்பிடலாம்." இப்படி முகத்துக்கு நேரே சொல்லும் ஆளை நான் அதற்கு முன் வாடகை வண்டியில் பார்த்ததில்லை. வீட்டுக்காரர் உடனே யாத்திரைக் குழுவுக்குப் போன் செய்து, நாங்கள் மூன்று நாள் முன்னதாக வந்து ஓய்வெடுப்பதாக இருந்தது, இனி பஸ் கிளம்புவதற்கு முதல் நாள் ராத்திரிதான் வருவோம் என்று சொல்லிவிட்டார். அந்த மூன்று நாள் இடைவெளியை வைத்திருந்ததால் பிழைத்தோம். குழுவோடு சேரப் போகிறவர்கள் கட்டாயம் நாள் மிச்சம் வைத்துக்கொள்ளுங்கள். பஸ் உங்களுக்காக நிற்காது.

டிரைவருக்குச் சங்ககிரிப் பக்கம். பதினோரு வருஷம் டெல்லி லைனில் லாரி ஓட்டியவர். இந்த ரோடு அவருக்கு வீட்டுத் தாழ்வாரம் மாதிரி. கன்னியாகுமரியிலிருந்து ஸ்ரீநகர் வரை போகிற என்.எச். 44, சேலத்தில் அதைப் பிடித்தால் ஆக்ரா தாண்டும் வரை வேறு ரோட்டைத் தேட வேண்டியதில்லை. எந்த பங்க்கில் பெண்கள் கழிப்பறை பூட்டாமல் இருக்கும், எந்தத் தாபாவில் தண்ணீர் நன்றாக இருக்கும், எந்த ஊரில் சாயங்காலம் மாடுகள் ரோட்டில் படுக்கும் என்பதெல்லாம் அவர் தலைக்குள் இருந்தது. கழிப்பறை விஷயம் சின்ன விஷயம் இல்லை. எட்டுப் பேரில் ஐந்து பேர் பெண்கள், இரண்டு பேருக்குச் சர்க்கரை. தெலங்கானா வரை சமாளிக்கலாம். மத்தியப் பிரதேசத்தில் பல பங்க்குகளில் பூட்டு தொங்கும், சாவி மேனேஜரிடம், மேனேஜர் சாப்பிடப் போயிருப்பார். டீசல் போடுமுன் சாவியை வாங்கு என்பது டிரைவர் சொல்லிக்கொடுத்த பாடம். டீசல் போட்டபிறகு கேட்டால் யாரும் கண்டுகொள்வதில்லை.

முதல் நாள் லேபாக்ஷி பார்த்துவிட்டு அனந்தப்பூரில் தங்கினோம். கொடிகொண்டா செக்போஸ்டில் பிரிந்து சுமார் 15 கிலோமீட்டர் உள்ளே போனால் வீரபத்திரர் கோயில், விஜயநகர காலத்துக் கட்டடம். தரையில் படாமல் தொங்கும் தூண் ஒன்று இருக்கிறது, அடியில் துணியை விட்டு இந்தப் பக்கம் இழுக்கிறார்கள். அம்மாவும் மாமியாரும் ஆளுக்கொரு முனை பிடித்துச் சித்தப்பா துண்டை இழுத்தார்கள். சம்பந்திகள் இருவரும் சேர்ந்து ஒரு வேலை செய்ததை என் கல்யாணத்துக்கு அப்புறம் அன்றைக்குத்தான் பார்த்தேன். கோயிலுக்குக் கொஞ்சம் தள்ளி ஒற்றைக்கல் நந்தி, நம்ம தஞ்சாவூர் நந்தியைவிடப் பெரிசு.

இரண்டாம் நாள் கர்னூல். துங்கபத்ராவைத் தாண்டி ஆலம்பூர் ஜோகுலாம்பா கோயிலுக்குப் போய்விட்டு, பீச்சுப்பள்ளியில் கிருஷ்ணா. இங்கே டிரைவர் தானாகவே பாலத்துக்கு முன்னால் வண்டியை ஆஞ்சநேயர் கோயில் பக்கம் இறக்கி, ஆத்தா இறங்கிப் போய்ப் போட்டுட்டு வரட்டும் என்றார். அப்போதிலிருந்து இதுவே வழக்கமாகிவிட்டது. பாலத்தின் மேல் ஒருபோதும் நிறுத்த மாட்டார், கெஞ்சினாலும் மாட்டார். கரையில் இறங்க வழியிருந்தால் இறக்குவார், இல்லையென்றால் வேகத்தைக் குறைத்துச் சித்தப்பாவுக்குக் குரல் கொடுப்பார்: "மாமா, ஆறு வருது, ரெடி." சித்தப்பா ஜன்னலை இறக்கிக்கொண்டு கையில் காசோடு உட்கார்ந்திருப்பார், டோல்கேட்டில் சில்லறை கொடுக்கக் காத்திருப்பவர் மாதிரி. கோதாவரிக்கு, நிர்மலுக்கு முன்னால் சோன் என்ற இடத்தில், அப்படித்தான் போட்டோம். குறி தப்பவில்லை.

ஹைதராபாத்தை வெளிவட்டச் சாலையில் சுற்றிக் கடந்துவிட்டதால் ஊருக்குள் மாட்டவில்லை. மேட்சல் பக்கம் தங்கினோம்.

மூன்றாம் நாள் மறக்க முடியாத நாள், ஆனால் நாங்கள் போட்ட திட்டத்தில் அப்படி ஒரு நிறுத்தமே கிடையாது. பென்கங்கா ஆறு தாண்டி மகாராஷ்டிரத்துக்குள் நுழைந்து, பாண்டர்கவடா பக்கம் ரெண்டு பக்கமும் பருத்திக்காடு. ஒரு வேப்பமரத்தடியில் போர்வெல் வண்டி, டிஎன் 34. திருச்செங்கோட்டு ரிக் வண்டி இந்தியா முழுக்க ஓடுகிறது என்று கேள்விப்பட்டிருக்கிறோம், ஆயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் தள்ளி நேரில் பார்ப்பது வேறு. டிரைவர் ஹாரன் அடித்தார், அவர்கள் கையைக் காட்டினார்கள், வண்டி நின்றுவிட்டது. ஐந்தாறு பையன்கள், கம்ப்ரசர் வண்டி நிழலில் அடுப்பு, குண்டாவில் சோறு. அம்மா கண்ணாடி வழியாகவே கேட்கத் தொடங்கிவிட்டார், அவர்களுக்குக் கேட்கவில்லை, அப்புறம் இறங்கிப்போய்க் கேட்டார்.

"எந்த ஊரு சாமி?"

"குமாரமங்கலமுங்க ஆத்தா."

"ஊருக்குப் போயி எத்தன நாளாச்சு?"

"ஆடி நோம்பிக்கு வந்தமுங்க."

நாங்கள் எடுத்துவந்த புளிசாதமும் முறுக்கும் அவர்களுக்கு, அவர்கள் வைத்த ரசம் எங்களுக்கு. மூன்று நாளாகத் தாபா பருப்பும் ரொட்டியும் தின்ற வாய்க்கு அந்த ரசம் எப்படி இருந்தது என்று எழுதத் தெரியவில்லை. டம்ளரில் வாங்கிக் குடித்தோம். மாமியார் மட்டும், பூண்டு போட்டிருப்பார்கள், எனக்குப் புரட்டாசி என்று ஒதுங்கி நின்றார். ஒரு பையன் ஓடிப்போய் மோர் கொண்டுவந்து கொடுத்தான்.

அன்று ராத்திரி நாக்பூர். மறுநாள் காலை தர்ரி போஹா சாப்பிட்டோம். அவல் உப்புமா மேல் காரமான கொண்டைக்கடலைக் குழம்பை ஊற்றித் தருகிறார்கள். வீட்டுக்காரர் இரண்டு தட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு மதியம் வரை தண்ணீர் குடித்துக்கொண்டே வந்தார். கிளம்பும்போதுதான் டிரைவர் வண்டிக் காகிதங்களைப் பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்தார். புகைச் சான்றிதழ் இரண்டு நாளைக்கு முன்பே முடிந்திருக்கிறது. இது ஆபீஸின் வேலை. கிளம்பும்போதே எல்லாம் கரண்ட் என்று சொல்லித்தான் சாவியைக் கொடுத்திருக்கிறார்கள். ஒரு பங்க்கில் சோதனை எடுத்து, ஆன்லைனில் ஏற்றி, காகிதத்தைக் கையில் வாங்க ஒரு மணி நேரம் போனது. பணம் டிரைவர் கையிலிருந்து.

நாக்பூருக்கும் சிவனிக்கும் நடுவே பெஞ்ச் காடு வருகிறது. அங்கே ரோட்டைத் தூண்கள் மேல் தூக்கி வைத்திருக்கிறார்கள், அடியில் விலங்குகள் கடந்து போவதற்கு. மகாராஷ்டிரப் பக்கத்தில் மட்டும் இப்படி 9 இடங்கள். வண்டிச் சத்தமும் வெளிச்சமும் கீழே போகாதபடி இரண்டு பக்கமும் தடுப்பு. கேமராவில் புலியும் பதிவாகியிருக்கிறது. தடுப்பு இருப்பதால் நமக்குக் காடு தெரியாது. சித்தி ஏமாந்துபோனார். புலிக்கு நாம் தெரியக் கூடாது என்பதற்காகக் கட்டியதில் நமக்குப் புலி தெரியவில்லை என்று குறை சொல்ல முடியுமா?

பர்மான் படித்துறைக்குப் பக்கத்தில் நர்மதை. நாங்கள் போனபோது மழை முடிந்த சமயம், ஆறு நிறைய ஓடியது. அம்மா இறங்கி முகம் கழுவி, காசைப் போட்டுவிட்டு, ஒரு பாட்டிலில் தண்ணீரும் எடுத்துக்கொண்டார். சாகர் போய்ச் சேரும்போது இருட்டிவிட்டது. நவராத்திரி. தெருவுக்குத் தெரு துர்க்கைப் பந்தல், ஸ்பீக்கர், கூட்டம், வண்டி ஊர்ந்துதான் போக முடிந்தது. ஆனால் இதில் மாமியாருக்கு ஒரு யோகம் அடித்தது. அந்த ஒன்பது நாளும் அந்தப் பக்கம் பல ஓட்டல்களில் வெங்காயம் பூண்டு இல்லாத விரதச் சாப்பாடு கிடைக்கிறது. ஜவ்வரிசிக் கிச்சடி, வேர்க்கடலை போட்டு. இவ்வளவு நாள் தயிரும் வாழைப்பழமுமாக ஓட்டிவந்தவர் இரண்டு தட்டு கேட்டு வாங்கினார்.

ஐந்தாம் நாள் லலித்பூர் தாண்டியதும் பின் டயர் போனது. ஸ்டெப்னியை இறக்கிப் பார்த்தால் மொட்டை. பூ என்று ஒன்றுமே இல்லை, தலையில் தடவினால் வழுக்கும், அப்படி. தேசிய நெடுஞ்சாலை உதவி எண் 1033 என்று எப்போதோ படித்தது ஞாபகம் வந்து வீட்டுக்காரர் அடித்தார். இந்தியில் பேசினார்கள், அவர் பாதி ஆங்கிலம் பாதி சைகை (போனில் சைகை!), கடைசியில் டிரைவர் வாங்கி லாரி இந்தியில் இடத்தைச் சொன்னார். அரைமணி நேரத்துக்குள் ரோந்து வண்டி வந்து, பின்னால் கூம்புகளை வைத்து, டயர் மாற்றி முடியும் வரை நின்றது. காசு கேட்கவில்லை. இந்த எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அந்த மொட்டை ஸ்டெப்னியோடு நாற்பதுக்கு மேல் போகாமல் ஊர்ந்து ஜான்சி வந்து, ஒரு டயர் வாங்கினோம். அதற்குப் பணம் அனுப்ப ஆபீஸுக்கு நாலு போன். நாலாவது போனில் அம்மா பேசினார், பணம் வந்துவிட்டது.

தங்கல் ஓர்ச்சாவில். ஜான்சியிலிருந்து அரைமணி நேரம். அங்கே ராமர் கடவுளாக இல்லை, ராஜாவாக இருக்கிறார். ராம ராஜா கோயிலில் போலீஸ்காரர் நின்று துப்பாக்கியோடு மரியாதை செய்கிறார். பேத்வா ஆற்றங்கரை அமைதியாக இருக்கிறது. நாலு நாள் திட்டத்தில் போயிருந்தால் இந்த ஊரை நாங்கள் தூக்கத்தில் கடந்திருப்போம், ஏதோ ஒரு ராத்திரி இரண்டு மணிக்கு.

ஆறாம் நாள் குவாலியர், மொரேனா, சம்பல். பாலத்துக்கு முன்னால் இரண்டு பக்கமும் மண் அரித்து அரித்துப் பள்ளமும் மேடுமாக, பார்க்கவே ஒரு மாதிரி இருக்கும். இங்கே நிறுத்துங்கள் என்று யாருமே கேட்கவில்லை. சித்தப்பா காசு போட்டார். சாயங்காலம் ஆக்ரா.

அன்று ஆயுத பூஜை. தாஜ்மகாலுக்கு நேரம் இருந்தது, போகலாமா என்று கேட்டால் டிரைவர், நீங்க போயிட்டு வாங்க, எனக்கு வேலை இருக்கு என்றார். திரும்பி வந்தால் லாட்ஜ் சந்தில் வண்டியைக் கழுவி, துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்திருக்கிறார். சங்ககிரியிலிருந்து கிளம்பும்போதே விபூதி, கற்பூரம் எல்லாம் எடுத்து வைத்திருந்திருக்கிறார். பொரி கிடைத்துவிட்டது, முர்முரா என்று கேட்டால் எந்தக் கடையிலும் தருகிறார்கள். திருஷ்டிப் பூசணிக்காய்க்கு என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். சிரித்தார். ஆக்ரா பேத்தா மிட்டாய் வெண்பூசணியில்தான் செய்வது. ஊர் முழுக்கப் பூசணி. விற்ற கடைக்காரர் எந்தப் பாகில் போடப்போகிறீர்கள் என்று விசாரித்திருக்கிறார் போல, ரோட்டில் உடைக்கப் போகிறேன் என்றதும் நம்பவில்லையாம். டயருக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றி, அம்மாவைச் சூடம் காட்டச் சொல்லி, பூசணியை உடைத்தார். சந்தில் நின்ற பிள்ளைகள் கைதட்டினார்கள். உடைத்த துண்டுகளை அவரே உட்கார்ந்து பொறுக்கி ஓரத்தில் ஒதுக்கினார், பைக்காரன் வழுக்கி விழுந்தா பாவம் அக்கா என்று. வாடகை வண்டியை, அதுவும் முதலாளி மொட்டை டயர் மாட்டி அனுப்பிய வண்டியை.

ஏழாம் நாள் விடியற்காலை மதுரா. திவ்ய தேசம், போயே ஆக வேண்டும். புரட்டாசியில் பெருமாளைப் பார்க்க ஈரோட்டிலிருந்து ரோடு வழியாக வந்திருக்கிறோம் என்று மாமியார் வரிசையில் நின்றவர்களிடமெல்லாம் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தார். ஜென்மபூமிக் கோயிலுக்குள் போன், பை எதுவும் விட மாட்டார்கள், வண்டியிலேயே வைத்துவிட்டுப் போங்கள். அங்கிருந்து யமுனையைத் தாண்டி எக்ஸ்பிரஸ்வே. ஆக்ராவுக்கும் கிரேட்டர் நொய்டாவுக்கும் நடுவே 165 கிலோமீட்டர், கழிப்பறை சுத்தம், டீ விலை மட்டும் ஆகாயம். டெல்லிக்குள் போகாமல் கிழக்குப் பக்கமாகச் சுற்றி மீரட், முசாபர்நகர். விஜயதசமி என்பதால் வழியில் மைதானத்துக்கு மைதானம் ராவணன் கட்டி நிறுத்தியிருந்தார்கள், பத்துத் தலையோடு. நாங்கள் மீரட்டைத் தாண்டும்போது இன்னும் கொளுத்தவில்லை, ரூர்க்கி வரும்போது ஒன்றும் மிச்சமில்லை. வெடிச்சத்தம்தான். அன்று ஒரு நாள் மட்டும் ஏழு மணிக்கு மேலும் வண்டி ஓடியது, கேட்டது நாங்கள்தான்.

ரூர்க்கியில் கங்கைக் கால்வாய். 1854-இல் திறந்தது, அகலம் பார்த்தால் நம்ம ஊர் ஆறு தோற்கும். அம்மா, இதுதான் கங்கையா கண்ணு, காசு போட்டுடட்டுமா என்றார். கங்கைத் தண்ணிதான், ஆனா கால்வாய் என்றேன். அப்ப வேண்டாம் என்று முடிச்சைக் கட்டிக்கொண்டார். ஹரித்வாரில் ஹர் கி பௌடி படித்துறையில் ஓடுவதும் அணை கட்டித் திருப்பிவிட்ட தண்ணீர்தான் என்பதை நான் இன்றுவரை அவரிடம் சொல்லவில்லை.

ராத்திரி ஒன்பதரைக்குத் தர்மசாலை. ரயிலில் வந்தவர்கள் குளித்துச் சாப்பிட்டுப் படுத்துவிட்டார்கள். எங்களில் மூன்று பேருக்குக் கால் வீங்கியிருந்தது, வயிறு எல்லோருக்குமே சரியில்லை. மறுநாள் காலை பஸ். இது உண்மையான விலை, இதை யோசித்துக்கொள்ளுங்கள். குழுவோடு மலையேறும் முன் ஒரு முழு நாள் கட்டாயம் படுத்து எழ வேண்டும். எங்களுக்கு அது இல்லாததால் யமுனோத்ரியில் சித்தியும் மாமியாரும் குதிரை பிடித்தார்கள்.

பணத்தைச் சொல்லிவிடுகிறேன். சுற்றிப் போனது 2,700 கிலோமீட்டர், திரும்பக் காலியாகப் போவதற்கு 2,450 என்று கணக்கு. டோல், பேட்டா, மாநில வரி எல்லாம் சேர்த்து 1,58,000 ரூபாய். தலைக்கு 19,750, சாப்பாடு தங்கல் இல்லாமல். ரயிலில் மூன்றாம் ஏசியில் இதில் கால்வாசிகூட ஆகாது. நாங்கள் திரும்பியது ரயிலில்தான், அம்மா உட்பட. சொந்தக் காரில் போகிறவர்களுக்கு 200 தடவை டோல் கடக்கும் ஃபாஸ்டேக் வருஷ பாஸ் இருக்கிறது, 2025-இல் வந்தபோது 3,000 ரூபாய். வாடகை வேனுக்கு அது கிடையாது, கட்டணமும் காரைவிடக் கூடுதல். முதலில் வந்த பில்லில் இரண்டு டிரைவருக்கும் பேட்டா போட்டிருந்தார்கள். வராத ஆளுக்கு ஏன் என்று கேட்டதும் எடுத்துவிட்டார்கள்.

இப்போது அந்தப் பாக்கிக் கணக்கு. மறுநாள் விடியற்காலை ஹர் கி பௌடியில் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு முங்கினோம். தண்ணீர் வெட்டி எடுத்தது. அம்மா முடிச்சை அவிழ்த்து, மிச்சமிருந்த காசு அத்தனையையும் மொத்தமாகப் போட்டார். டிரைவரும் எங்களோடுதான் குளித்தார். பதினோரு வருஷம் டெல்லி லைன் ஓட்டியும் ஹரித்வாருக்கு வந்ததில்லையாம், லோடு இந்தப் பக்கம் வந்ததே இல்லை. ஐந்து லிட்டர் கேனில் வீட்டுக்குத் தண்ணீர் பிடித்துக்கொண்டிருக்கும்போது அவருக்குப் போன். ஆபீஸ். ஸ்பீக்கரில்தான் பேசினார். சாயங்காலத்துக்குள் டெல்லி போய்விடு, ஹைதராபாத்துக்கு ஒரு குடும்பம் ஏறுகிறது, ஒன்பது பேர் என்கிறது அந்தக் குரல். எங்களிடம் காலியாகத் திரும்புவதற்கு 2,450 கிலோமீட்டருக்குப் பணம் வாங்கிய அதே குரல். டிரைவர் எங்களைப் பார்த்தார், நாங்கள் அவரைப் பார்த்தோம். அவர் போனை வைத்துவிட்டுக் கேனின் மூடியை இறுக்கினார்.

ஊருக்கு வந்து ஆபீஸில் கேட்டோம். பாத்துக்கலாம்மா என்றார்கள்.